பொதுப் பள்ளியின் விளையாட்டு மரபு: யார்க் பள்ளியின் நெடுவழி ஓட்டத்தை முன்வைத்து

1. வரையறை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே எல்ம்ஹர்ஸ்ட் என்றொரு புறநகர் உண்டு. அவ்வூர்ப் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளி யார்க் உயர்நிலைப் பள்ளி. அதன் ஆண்கள் அணி, கிராஸ் கன்ட்ரி எனப்படும் நெடுவழி ஓட்டத்தில் 1962 முதல் 2012 வரை 28 முறை மாநிலப் பட்டம் வென்றது. அக்காலம் முழுவதும் அணியின் பயிற்றுநராக இருந்தவர் ஜோ நியூட்டன். இத்தகைய தொடர்ச்சி ஒரு பொதுப் பள்ளியில் எவ்வாறு உருவாகிறது என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள்.

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெற்றித்தொடர் என்பது ஒரு காலப்பகுதியில் பெற்ற பட்டங்களின் வரிசை. விளையாட்டு மரபு என்பது, ஆடுவோர் அனைவரும் மாறிய பின்னும் மாறாமல் நிற்கும் பயிற்சி ஒழுங்கு. திறன் மிக்க சிலர் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தால் முன்னது நேர்ந்துவிடும். பின்னது அவ்வாறு நேர்வதில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிப்பு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, நான்கே ஆண்டு. இன்று ஓடும் ஒருவர்கூட ஐந்தாம் ஆண்டில் அணியில் இருக்கமாட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு ஓர் ஒழுங்கு நீடித்தது என்றால், அது பன்னிரண்டு தலைமுறைக்கும் மேலாகக் கைமாறி வந்திருக்கிறது என்று பொருள்.

2. நிறுவன அடிப்படை

பொதுப் பள்ளியின் முதல் இலக்கணம் எல்லை. வரையறுத்த நிலப்பகுதிக்குள் வசிப்போரின் பிள்ளைகள் அங்கே படிப்பார்கள். பயிற்றுநர் வேற்றூரிலிருந்து ஓட்டக்காரரைத் தேடிக் கொண்டுவர இயலாது. எல்லையில்லாத தனியார் பள்ளியில் வேற்றூர்ப் பிள்ளைகளும் சேரலாம். இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இல்லினாய் உயர்நிலைப் பள்ளிச் சங்கத்தின் விதியே சான்று. மாணவர் தொகை கொண்டு பள்ளிகளைப் போட்டிப் பிரிவுகளாக வகுக்கையில், எல்லையற்ற பள்ளிகளின் மாணவர் தொகையை 1.65 ஆல் பெருக்கிக் கணக்கிடும் முறையை அச்சங்கம் 2005-இல் கொண்டுவந்தது.

இரண்டாவது அடிப்படை வரி. அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் வருவாயில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வசதியான புறநகருக்கு வசதியான மைதானம் வாய்க்கிறது. இதை மறைத்துவிட்டு மரபைப் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும் இது துணைக்காரணமே, முதற்காரணம் அன்று. எல்ம்ஹர்ஸ்ட் அமைந்துள்ள டூபேஜ் மாவட்டத்தில் அதே வசதியுள்ள பள்ளிகள் பல இருந்தன. 28 பட்டங்கள் அவற்றுக்கு வாய்க்கவில்லை.

3. விளையாட்டின் வகை

பள்ளி விளையாட்டுகளை, ஆள்சேர்க்கும் முறை கொண்டு இரு வகையாகப் பகுக்கலாம். கூடைப்பந்து போன்றவை வடிப்பு விளையாட்டுகள். பருவத் தொடக்கத்தில் தேர்வு நடக்கும். சிலரை எடுத்துக்கொண்டு பலரைத் திருப்பி அனுப்புவார்கள். நெடுவழி ஓட்டம் பெரும்பாலும் திறப்பு விளையாட்டாகவே நடத்தப்படுகிறது. வருகிற எவரும் அணியில் சேரலாம். இடம் போதாது, பந்து போதாது என்று சொல்ல அங்கே காரணமே இல்லை. யார்க் அணியில் ஓர் ஆண்டில் இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர் ஓடியதுண்டு. 2008-இல் வெளிவந்த 'தி லாங் கிரீன் லைன்' என்ற ஆவணப்படம் அந்த நீண்ட பச்சை வரிசையைப் பதிவு செய்திருக்கிறது. பச்சை அப்பள்ளியின் நிறம்.

4. மதிப்பெண் முறையும் அதன் விளைவும்

மாநில இறுதிப் போட்டி பியோரியா நகரின் டெட்வைலர் பூங்காவில், மூன்று மைல் தொலைவுக்கு நடைபெறுகிறது. ஓர் அணிக்கு எழுவர் ஓடுவர். முதலில் வந்து சேரும் ஐவரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த அணி வெல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் அணியினர் 1, 2, 3, 4 ஆகிய இடங்களைப் பிடிக்கிறார்கள். அவர்களின் ஐந்தாமவர் 60-ஆம் இடத்தில் வருகிறார். மொத்தம் 70. இரண்டாம் அணியினர் 10 முதல் 14 வரை சேர்ந்தாற்போல் வருகிறார்கள். மொத்தம் 60. பந்தயத்தின் முதல் நான்கு இடங்களையும் பிடித்த அணி தோற்றுவிடுகிறது. வென்ற அணியின் ஆறாமவரும் ஏழாமவரும் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் எதிரணியின் ஐந்தாமவருக்கு முன்னால் அவர்கள் ஓடிச்சேர்ந்தால் அவரை இரண்டு இடம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இம்முறையிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. ஐந்தாமவரே அணியின் அளவுகோல். இயற்கையிலேயே விரைவாக ஓடும் ஒருவர் எந்த ஊரிலும் பிறக்கலாம். நல்ல ஐந்தாமவர் பிறப்பதில்லை, பெருந்திரளிலிருந்து உருவாகிறார். திரள் பெரிதாக இருந்தால்தான் அவரும், அவருக்குப் பின் ஆறாமவரும் ஏழாமவரும் கிடைப்பார்கள். எல்லோருக்கும் கதவைத் திறந்துவைப்பது இரக்கச் செயல் என்று சிலர் எண்ணுவர். இவ்விளையாட்டில் அதுவே போர்முறையும் ஆகும்.

5. மரபின் தாங்குநர்

இருநூறு பேரில் எழுவரே மாநிலப் போட்டியில் ஓடுகிறார்கள். மற்றவர் எதற்காக நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை காணாமல் இம்மரபை விளக்க முடியாது. பயிற்சியின் முடிவில் நடைபெற்ற ஒரு சிறு செயலை இங்கே உற்றுநோக்க வேண்டும். மாணவர்கள் வரிசையில் வந்து, ஒவ்வொருவராக நியூட்டனின் கையைக் குலுக்கிவிட்டே வீடு திரும்பினார்கள். மாநிலத்தில் முதலிடம் பெற்றவனுக்கும் கடைசியாக ஓடிவந்தவனுக்கும் அதே கைகுலுக்கல். இருநூறு பேருக்கு இது நாள்தோறும் நடக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை ஆசிரியராக இருந்தோர் அறிவர்.

இச்செயலின் பயன் இரண்டு. கடைசி மாணவனும், தான் அன்று வந்ததை ஒருவர் அறிந்திருக்கிறார் என்று உணர்கிறான். அதனால் மறுநாளும் வருகிறான். இவ்வாறு நின்றவனே இரண்டாம் ஆண்டில் உடல் தேறுகிறான், மூன்றாம் ஆண்டில் பந்தயத்தின் போக்கை அறிகிறான், நான்காம் ஆண்டில் புதிதாக வந்தவனை அருகில் ஓடவைத்து வழிநடத்துகிறான். கோடை விடுமுறையில் கண்காணிப்பார் யாருமின்றி நெடுந்தொலைவு ஓட வேண்டும் என்ற பாடத்தை, பயிற்றுநரின் சொல்லைவிட மூத்த மாணவனின் கால்களே நன்றாகக் கற்பிக்கின்றன. எனவே மரபின் தாங்குநர் அந்த எழுவர் மட்டும் அல்லர்; நான்காண்டும் நின்ற அனைவரும் ஆவர்.

6. தடையும் விடையும்

இது பள்ளியின் மரபன்று, ஒருவரின் சாதனை என்று தடை எழுப்பலாம். நியூட்டன் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே பயிற்றுவித்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க மாரத்தான் வீரர்களுக்குப் பயிற்றுநராகப் பணியாற்றிய பின்னும் பள்ளிக்கே திரும்பினார். 2016-இல் ஓய்வு பெற்று, 2017 டிசம்பரில் மறைந்தார். இத்தடையில் பாதி உண்மை இருக்கிறது. ஒழுங்கைத் தொடங்க ஓர் ஆசிரியரும், அவரை நெடுங்காலம் அங்கேயே வைத்திருக்கும் ஊரும் தேவை. ஆனால் ஒருவர் இருநூறு பேருக்கு அருகில் ஓட முடியாது. ஓடியவர்கள் மாணவர்களே. அவர் நாட்டிய ஒழுங்கை ஆண்டுதோறும் சுமந்துசென்றவர்களும் அவர்களே.

பள்ளிகளின் விளையாட்டு வரலாற்றை எழுதுவோரிடம் நாம் வேண்டுவது ஒன்று. கோப்பைகளின் பட்டியலை எழுதும்போது, ஒவ்வோர் ஆண்டும் அணியில் சேர்ந்தோர் எத்தனை பேர், நான்காம் ஆண்டு வரை நின்றோர் எத்தனை பேர் என்ற இரு எண்களையும் அதன் அருகில் எழுதிவையுங்கள்.