தேநீருக்கு இரண்டு அறைகள்

16ஆம் நூற்றாண்டு ஜப்பானில், பச்சைத் தேயிலைத் தூளான மாட்சாவை ஒருவர் எப்படிக் குடிக்க விரும்பினார் என்பதை அவர் அமைத்த அறையே காட்டிக்கொடுத்தது. ஆட்சியாளர் தொயோதோமி ஹிதெயோஷிக்குப் பகட்டு பிடிக்கும். சுவர், கூரை, பாத்திரம் எல்லாம் பொன்னாய் மின்னும் தேநீர் அறையை, கழற்றி எடுத்துச் செல்லும்படி செய்வித்து, 1586இல் கியோட்டோ அரண்மனைக்கே கொண்டுபோனார்.

அவரிடமே தேநீர் ஆசானாயிருந்த சென் நோ ரிக்யூவின் ரசனை நேர் எதிர். கியோட்டோவுக்குத் தெற்கே யாமசாகியில் இன்றும் நிற்கும் தாய்-ஆன் என்ற தேநீர்க் குடில் அவர் அமைத்ததாகக் கருதப்படுகிறது. தேநீர் தரும் அறை இரண்டே பாய் அளவு. மண்பூச்சில் கலந்த வைக்கோல் துணுக்குகள் அப்படியே வெளியே தெரியும். குனிந்து, ஏறக்குறையத் தவழ்ந்துதான் உள்ளே நுழைய முடியும். அதிகாரிக்கும் அதே வாசல்தான். விருந்தினர் கையில் தந்தது குயவர் சோஜிரோ வனைந்த கறுப்புக் கிண்ணம். அதில் பச்சை நுரை எடுப்பாய்த் தெரியும். அலங்காரம் என்று சொல்ல, தொகொனோமா மாடத்தில் ஒரு சுருளோவியமோ ஒற்றைப் பூவோதான்.

1591இல் ஹிதெயோஷியின் ஆணைப்படி ரிக்யூ உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனால் பிற்கால வீடுகளில் பரவியது அவர் ரசனைதான். பூசாத மரமும் மண்சுவருமாய் அமைந்த சுகியா பாணி, தேநீர்க் குடிலிலிருந்து வந்ததே.