தமிழ்நாட்டில் நிகழ்கலைகளுக்கு அரசு ஆதரவு

தமிழ்நாட்டின் இசை, நாடகம், கூத்து, ஆட்டம் ஆகியவற்றுக்கு அரசு இன்று செய்யும் செலவின் அமைப்பு, 1955இல் சென்னை மாநிலத்தில் தோன்றிய சங்கீத நாடகச் சங்கத்திலிருந்து வளர்ந்தது. கலைஞர்களுக்கு ஆட்சியாளர் படியளந்த வழக்கமோ அதற்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. அரசுப் பணம் எந்தக் கலைக்கு முதலில் போனது, எதற்குப் பிந்திப் போனது என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

நெற்பங்கும் கூத்துக்காணியும்

முதலாம் இராசராசன் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து, ஆடலும் பாடலும் பணியாகக் கொண்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வரவழைத்துக் குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கு. யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருந்தார் என்பதுவரை கல்வெட்டு பெயர் பெயராகச் சொல்கிறது. நட்டுவம் செய்தவர்களும் பாடியவர்களும் கருவி வாசித்தவர்களும் அதே பட்டியலில் பங்கு பெற்றார்கள். பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் போய்விட்டாலோ அடுத்த உறவினர் அந்தப் பணியை ஏற்க வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். கொடையோடு நிற்காமல், கலை அடுத்த தலைமுறைக்குப் போவதற்கும் வழிசெய்த விதி இது. பின்வந்த பல திட்டங்களில் இந்தக் கவனத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் அதே கோயிலின் வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடத்தச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் நிவந்தமானது. கூத்தாடுவோருக்கு விடப்பட்ட நிலம் கூத்துக்காணி எனப்பட்டது. காமரசவல்லிக் கல்வெட்டு, சாக்கைக்கூத்துக்கு இப்படி நிலம் விட்டதைக் குறிக்கிறது. இவை பெரும்பாலும் கோயிலைச் சார்ந்த கலைகள். ஊர்ச்சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை கொட்டியவர்களுக்கு அது சாதியின் பேரால் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அவர்களுக்கு எந்த அரசனும் வீடும் பங்கும் எண்ணிக் கொடுத்து விழா எடுக்கவில்லை.

தடையும் கொடையும்

தஞ்சை மராட்டிய அரசு 1855இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும் அரண்மனையை நம்பியிருந்த வித்துவான்கள் சென்னைக்கும் மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும் நகர்ந்தார்கள். கலைக்கென்று ஆங்கில அரசு தமிழ் மண்ணில் செய்தது சொற்பம். 1918இல் சரசுவதி மகால் நூலகத்தைப் பொது நூலகமாக்கியதை நன்றியோடு சொல்லலாம். நாடகத்தின் மீது அந்த அரசு வைத்தது கண்காணிப்பு. 1876இன் நாடக நிகழ்ச்சிச் சட்டம், அரசுக்குப் பிடிக்காத நாடகத்தைத் தடுக்க அதிகாரம் தந்தது.

விடுதலைக்குப் பின் 1949இல் சென்னையில் அரசு கருநாடக இசைக் கல்லூரி தொடங்கியது; முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். மாமல்லபுரத்தில் 1957இல் சிற்பப் பயிற்சி தொடங்க, 1965இல் திருவையாற்றில் இசைக் கல்லூரி வந்தது. இந்தக் காலத்தின் முரண் நாடகத்தில் தெரிகிறது. 1954இல் மாநில அரசே புதிய நாடகச் சட்டம் கொண்டுவந்து, மேடையேற்றும் பிரதியைக் காவல்துறையிடம் காட்டச் செய்தது. நடிகர் எம்.ஆர். ராதாவின் சீர்திருத்த நாடகங்கள் பெருங்கூட்டம் சேர்த்த ஆண்டுகள் அவை. மறு ஆண்டே நாடகத்தை வளர்க்கச் சங்கீத நாடகச் சங்கம் அமைந்தது. ஒரு கை அள்ளிக் கொடுக்க மறு கை கழுத்தைப் பிடித்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டம் செல்லாதென்று தீர்ப்பளிக்கும்வரை, கிட்டத்தட்ட அறுபது ஆண்டு, தமிழ் நாடகக்காரர்கள் இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில்தான் இயங்கினார்கள்.

சங்கம் 1973இல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் என்று பெயர் மாறியது. அது வழங்கும் கலைமாமணி விருதும் பொற்பதக்கமும் பொதுமக்கள் அறிந்தவை. நலிந்த நிலையிலுள்ள கலைஞர்களுக்கான மாத உதவித்தொகையும் மன்றத்தின் வழியாக உண்டு. விருதைவிட அந்தச் சிறு தொகையே பல வீடுகளில் அடுப்பெரிய உதவியது என்பதால், மன்றத்தின் பணிகளை மதிப்பிடுவோர் விருதுப் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது.

தஞ்சாவூர் மையமும் தனித்துறையும்

நாட்டுப்புறக் கலைகள் பெரிய அளவில் அரசுக் கணக்கில் ஏறியது 1980களில். நாட்டை ஏழு மண்டலங்களாகப் பிரித்து நடுவண் அரசு பண்பாட்டு மையங்களை அமைத்தபோது, தென்னகப் பண்பாட்டு மையம் 1986இல் தஞ்சாவூரில் வந்தது. தலைநகரங்களை விட்டு இத்தகைய நிறுவனம் தஞ்சைக்குப் போனது நல்ல முடிவு. நடுவண் அரசும் உறுப்பு மாநிலங்களும் போட்ட வைப்புநிதியின் வட்டி அதன் செலவுக்கு அடிப்படையானது. ஆண்டுதோறும் கையேந்தாமல் இருக்க இது உதவியது. வட்டி விகிதம் இறங்கினால் நிகழ்ச்சிகளும் சுருங்கும் என்பது இதன் பலவீனம். மையத்தால் கரகாட்டக்காரரும் தப்பாட்டக்காரரும் பிற மாநில மேடைகளுக்குப் போனார்கள். ஆனால் விடிய விடிய ஆட வேண்டிய கூத்து, பல மாநிலக் குழுக்கள் வரிசையாக ஏறும் மேடையில் சில நிமிடத் துணுக்காகக் குறுகியது. கதையை அறிமுகப்படுத்தும் கட்டியங்காரன் வந்து கதை பிடிக்குமுன் நேரம் முடிந்துவிடும். இது சிறு இழப்பன்று.

மாநில அரசு 1991இல் கலை பண்பாட்டுத் துறையைத் தனியாக அமைத்தது. இத்துறையின் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. மேளக்காரர் குடும்பத்தில் பிறக்காத பிள்ளை தவில் கற்க முடிந்ததில் இந்தப் பள்ளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் பறையும் கரகமும் பாவைக்கூத்தும் இந்த ஏழு பாடங்களில் இல்லை. 2013இல் சென்னையில் தோன்றிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் அரசின் இசை, கவின்கலைக் கல்லூரிகளை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது.

தெருவும் பூங்காவும்

2007இல் இரண்டு முயற்சிகள் நடந்தன. பொங்கலையொட்டிச் சென்னைப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நாட்டுப்புறக் கலைஞர்களை ஆடவைத்த ‘சென்னை சங்கமம்’ தமிழ் மையம் என்ற அமைப்பும் சுற்றுலாத்துறையும் கைகோத்து நடத்திய விழா. சபா அரங்குகள் நிறைந்த நகரத்தின் நடுவில், கட்டணமில்லாமல், பறை ஒலித்ததும் தேவராட்டம் ஆடப்பட்டதும் அதன் சாதனை. 2011க்குப் பின் நின்றுபோன விழா 2023இல் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்று கலை பண்பாட்டுத் துறையால் மீண்டும் நடந்தது. ஆட்சி மாறினால் விழா நிற்பதும், மறுபடி ஆட்சி மாறினால் திரும்புவதும், அதை நம்பித் தையில் தேதி ஒதுக்கும் ஆட்டக்குழுவுக்குத் துன்பம்.

அதே 2007இல் வந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அவ்வளவு பேசப்படவில்லை. அடையாள அட்டை, பிள்ளைகளின் கல்விக்கு உதவி, திருமண உதவி, ஈமச்சடங்குச் செலவு, விபத்து நிவாரணம் என்று கலைஞரைத் தொழிலாளராகக் கண்ட ஏற்பாடு அது. ஆடி தாண்டினால் கோயில் கொடைகள் குறைந்து, அடுத்த சீசன்வரை கூலி வேலைக்குப் போகும் ஆட்டக்காரருக்கு இது மேடையைவிடப் பெரிய உதவி.

கற்பித்தலுக்கான பணம் இன்னும் சிறியது. பண்பாட்டு மையங்களின் குரு–சீடர் திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500 ரூபாயும், பக்கவாத்தியக்காரருக்கு 3,750 ரூபாயும், சீடருக்கு 1,500 ரூபாயும் என்பது அண்மை ஆண்டுகளின் அளவு. கூலி வேலையை விட்டுவிட்டு வந்து கற்க ஓர் இளைஞனுக்கு இந்தத் தொகை போதாது. மாநிலக் கலை பண்பாட்டுத் துறை மாவட்டங்களில் தொடங்கியிருக்கும் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி, பள்ளி விட்ட நேரத்தில் வரும் பிள்ளைகளை நம்பி நடக்கிறது. அங்கே கற்றுத் தருபவர்கள் மேடையேறிப் பழகிய ஊர்க்கலைஞர்கள்.