பட்டறையில் பிறந்த தோட்டாக்கள்

1906-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06 தோட்டா வேட்டைக்காரர்களின் கைக்கு வந்துசேர்ந்த சில வருஷங்களிலேயே, அதன் பித்தளைக் கூட்டின் கழுத்தை நெருக்கிச் சிறிய குண்டைப் பொருத்தினால் வேகம் கூடுமல்லவா என்ற சபலம் அந்நாட்டுத் துப்பாக்கிக் கொல்லர்களைப் பற்றிக்கொண்டது. அவ்வாறு 1920-ஐ ஒட்டி நீட்னர் என்பவர் ஆக்கிய .25-06, ரெமிங்டன் நிறுவனத்தார் 1969-ல் அங்கீகரிக்கும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் பட்டறைகளின் ஆதரவிலேயே பிழைத்திருந்தது. வைல்ட்காட் என்று வழங்கிய இத்தகைய சுயேச்சைத் தோட்டாக்களால் உண்மையில் அனுகூலம் உண்டா என்பது அந்நாள் முதலே தீராத வழக்கு.

அவ்வழக்கின் நடுநாயகர் பி. ஓ. ஆக்லி. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கொலராடோ மாகாணத்து டிரினிடாட் நகரில் பட்டறை நடத்திய இவர், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையைச் சற்றே அகலக் குடைந்து, அதிலே சாதாரண ஆலைத் தோட்டாவையே வைத்துச் சுடுவார். உள்ளெழும் வாயுவின் அழுத்தத்தால் பித்தளை உப்பி, சரிந்திருந்த பக்கங்கள் நிமிர்ந்து, தோள் 40 பாகைக் கோணத்தில் புடைத்து, வெளியே விழுகையில் அது வேறொரு கூடாகியிருக்கும். மருந்துக்கு இடம் கூடிற்று. கூடு நீண்டுபோவதும் குறைந்தது. அவசரத்துக்குக் கடைத் தோட்டாவையும் அதே துப்பாக்கியில் சுடலாம். ஆனால் வேகத்தில் கிட்டிய லாபமோ, .30-06 போன்ற கூடுகளில், நொடிக்கு 100 அடியைத் தாண்டுவது அரிது. அந்த வித்தியாசத்தை எந்த மானும் உணர்ந்திருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆக்லியே ஒருமுறை, பிரம்மாண்டமான .378 வெதர்பி கூட்டில் .22 குண்டைப் பொருத்தி, நொடிக்கு 5,000 அடி வேகத்தை எட்டப் பார்த்து, சுமார் 4,600 அடியோடு நின்றுபோனார். ‘இயர்கெஸ்ப்ளிட்டன் லௌடன்பூமர்’ என்று அதற்குச் சூட்டிய நாமதேயமே பரிகாசந்தான்.

வேகப்பிரியர் கொடுத்த விலையும் சிறிதன்று: குழல் விரைவில் தேயும்; அழுத்தத்தை அளக்கும் கருவி பட்டறையில் பெரும்பாலும் இராது; காட்டோரக் கடையில் தோட்டா கிடைக்காது. துல்லியத்தை நாடியவர்க்கே மெய்யான பலன் கிட்டிற்று. 1975-ல் பால்மிஸானோ என்ற வைத்தியரும் பிண்டெல் என்ற கருவி வினைஞரும் .220 ரஷ்யன் கூட்டிலிருந்து உருவாக்கிய 6 மி.மீ. பி.பி.சி., மேஜைமீது துப்பாக்கியை ஊன்றி, 100 கஜத்துக்கு அப்பாலுள்ள காகிதத்தில் குண்டுகளையெல்லாம் ஒரே துளையிற் புகுத்த முயலும் பந்தயங்களில், ஆலைச் சரக்கு அணுகவொண்ணாத ஆதிக்கம் பெற்றது.

மற்றபடி, தேறியவற்றை ஆலைகளே சுவீகரித்துக்கொண்டன: .22 ஹார்னெட்டை 1930-ல், .257 ராபர்ட்ஸை 1934-ல், .22-250-ஐ 1965-ல். ஆகவே இன்று புதிதாக ஒரு கூட்டை நெருக்கப் புகுபவர், முன்னோர் பட்டறையில் கண்ட அனுகூலங்களெல்லாம் கடை அலமாரியிலேயே விலைக்குக் கிடைப்பதால், மிச்சமிருக்கும் லாபத்தைத் தேடிப்பிடிக்கவே பெரும் பிரயத்தனம் செய்யவேண்டியிருக்கிறது.