பசலி ஆண்டு வந்த கதை



அடங்கல் நகல் வாங்கினால் மேலே 'பசலி' என்று ஓர் எண் போட்டிருக்கும். காவலூரில் சாமை பயிரிடும் பெரியவர் ஒருவர் அதைக் காட்டி, "இது என்ன சார் கணக்கு? நம்ம வருஷமும் இல்லே, இங்கிலீஷ் வருஷமும் இல்லே" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதிலுக்குப் பாரசீக நாட்டுக் கிராமங்களுக்குப் போக வேண்டும்.

அங்கே வருஷப் பிறப்புக்கு நவ்ரோஸ் என்று பெயர். நிலவரி வசூலும் அன்றைக்குத்தான் ஆரம்பம். பழைய பாரசீக ஆண்டுக்கு 365 நாள். சூரியக் கணக்குக்கோ இன்னும் ஏறக்குறைய கால் நாள் வேண்டும். அந்தக் கால் நாள் விட்டுப்போனதால், நாலு வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நவ்ரோஸ் முன்னே நகர்ந்தது. நாளாவட்டத்தில் அது மாதக் கணக்காகிவிட்டது. கதிர் பச்சையாக நிற்கும்போதே வரிக்கு ஆள் வந்துவிடுவான். குடியானவர்கள் கடன் வாங்கிக் கட்டினார்கள். ஊரை விட்டே போனவர்களும் உண்டு.

கலீபா முதவக்கில் ஒருநாள் முற்றாத பயிரைப் பார்த்துவிட்டு இதை விசாரித்தார் என்று அல்பிரூனி எழுதியிருக்கிறார். திருத்தம் நடைமுறைக்கு வருமுன் 861-ல் முதவக்கில் கொல்லப்பட்டார். 895-ல் கலீபா முதாதித் வரிக்கான நவ்ரோஸை ஜூன் 11-க்குத் தள்ளிவைத்தார். அறுவடை முடிந்து வரி கட்ட வழி பிறந்தது. பிறகு 1079-ல், உமர் கய்யாம் முதலான வானநூலார் கணித்தபடி, இளவேனிலில் பகலும் இரவும் சமமாகும் நாளே வருஷப் பிறப்பு என்று நிலைப்பட்டது.

நம் நாட்டிலும் இதே தொல்லை வேறு விதமாக வந்தது. பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட மொகலாயர்கள் ஹிஜிரி ஆண்டைக் கையாண்டார்கள். அது பிறைக் கணக்கு, 354 நாள்தான். சூரியக் கணக்கில் 32 வருஷம் ஆனால் ஹிஜிரியில் 33 ஆகிவிடும். அதாவது, 32 வெள்ளாமைக்கு 33 வரி! இதைச் சரிக்கட்டத்தான் அக்பர் பசலி ஆண்டைக் கொண்டுவந்தார். 'பசல்' என்றால் பருவம், விளைச்சல். தக்காணத்தில் ஷாஜஹான் காலத்தில் 1636-ல் இது நடைமுறைக்கு வந்தது. அப்போது ஹிஜிரி 1046. இரண்டுக்கும் வித்தியாசம் 590. நம் பசலிக்கும் அதே வித்தியாசம்தான்.

1855-ல் சென்னை மாகாணத்தில் பசலிப் பிறப்பு ஜூலை 1 என்று ஆயிற்று. ஆகவே ஜூலையில் நடக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழியுங்கள். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. தாசில்தார், ஜமாபந்தி, கிஸ்தி எல்லாம் இதே வழியாக வந்த சொற்களே.

காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வானத்தைப் பார்ப்பவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இனி கேட்க மாட்டீர்களே!

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பயிர்க்கடனானாலும் பயிர்க் காப்பீடானாலும் அந்தந்தப் பசலியின் அடங்கலைக் கேட்பார்கள். சாமை போட்ட நிலம் தரிசு என்று எழுதப்பட்டிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். பயிர் நிலத்தில் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவைப் பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் உடனே சொல்லித் திருத்துங்கள். தீராவிட்டால் ஜமாபந்தியில் மனு கொடுங்கள்.