தாது வருஷமும் மூன்று பவுன் வரியும்

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி தாது வருஷப் பஞ்சத்தில் கப்பலேறிப் போனார் என்பதுதான் வீட்டில் வழிவழியாக வந்த கதை. எந்தச் சீமைக்குப் போனார், பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்டால் ஆயாவிடம் பதில் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு என்று மட்டும் சொல்வார். அதை வைத்துத் தேட முடியாது. மொரீஷியஸ், ரீயூனியன், நேட்டால், டிரினிடாட், பீஜி எல்லாமே தமிழர்கள் கரும்பு வெட்டப் போன இடங்கள்.

போளூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்த ஒரு நகல்தான் முதல் பிடி கொடுத்தது. 1909-இல் எழுதப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் அது. கிணற்றில் பங்கு, புளியமரத்தில் பங்கு என்று நீளும் ஷரத்துகளுக்கு நடுவே, நேட்டாலில் இருக்கும் தம்பியின் வரி வகைக்கு அனுப்பிய 45 ரூபாயை அவர் பாகத்தில் கழித்துக்கொள்வதாக ஒரு வரி இருந்தது.

நேட்டால் என்றால் இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை 1,52,184 பேர் அங்கே போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஊர் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த 45 ரூபாய் எதற்கு?

அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். 45 ரூபாய் என்றால் சரியாக மூன்று பவுன். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி கூலி ஒப்பந்தத்திலும் சேராமல், சுதந்திரமாக அங்கேயே தங்க நினைத்தவர்கள் மீது நேட்டால் அரசு விதித்த ஆண்டு வரி அது. ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது அதில் ஆறு மாதச் சம்பளம். 1903-இல் 16 வயது தாண்டிய மகன்கள், 13 வயது தாண்டிய மகள்கள் மீதும் அந்த வரி விழுந்தது. மனிதர்களைத் திரும்பவும் தோட்டத்துக்குள் தள்ளுவதற்கென்றே போட்ட வரி. 1913-இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்து, சிறை சென்று, உயிரும் கொடுத்த பிறகே, 1914-இல் அது நீக்கப்பட்டது.

இங்கேதான் வீட்டுக் கதை இடித்தது. அந்த வரியைக் கொண்டுவந்த சட்டம் 1895-இல் இயற்றப்பட்டது. அதன் பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்குத்தான் அது செல்லும். ஒப்பந்தக் காலம் ஐந்து வருஷம் என்பதால் முதல் வரி விழுந்ததே 1901-இல். தாது வருஷமோ 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியோடு முடிந்தது. அந்தப் பஞ்சத்தில் போனவரிடம் இந்த வரியைக் கேட்டிருக்க முடியாது. ஆகவே 1895-க்குப் பிந்திய கப்பல்களில் மட்டும் தேடுவது என்று முடிவு செய்தேன்.

நேட்டால் கப்பல் பதிவேடுகள் விவரமானவை. பதிவு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடிப்பதற்காக எழுதிய தழும்புதான் இன்று பேரன் பேத்திகளுக்கு அடையாளம். எங்களவர் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருந்த பெயர். அதனால் பெயரைவிட்டு, பத்திரத்தில் இருந்த தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்துத் தேடினேன். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக் கூட்டலை வாய்விட்டுப் படித்துப் படித்துத்தான் எங்கள் கிராமத்தை அடையாளம் காண முடிந்தது.

1900-ஆம் ஆண்டுக் கப்பல் ஒன்றில் அவர் இருந்தார். வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா, அதே தகப்பன் பெயர். இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. வயது 24.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறந்தது 1876. ஏட்டு வயது உத்தேசம்தான் என்றாலும் ஆயாவின் கதையோடு அது பொருந்திவிடுகிறது. அவர் தாது வருஷத்தில் போனவரல்ல, தாது வருஷத்தில் பிறந்தவர். பஞ்சத்தில் பிழைத்த பிள்ளை என்று குடும்பம் நினைவில் வைத்திருந்தது, தலைமுறைகள் தாண்டியதில் பஞ்சத்தில் போன பிள்ளையாகிவிட்டது. வாய்மொழியைப் பொய் என்று தள்ளியிருந்தால் இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டிருக்காது. பத்திரம் இல்லாமல் வாய்மொழியை மட்டும் நம்பியிருந்தால் தவறான கப்பல்களிலேயே தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

அவருக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண், அவருடைய மனைவி என்ற குறிப்போடு. கல்யாணம் ஆகாமலே போனவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பெண்ணின் தாலுகா வேறு, சாதியும் வேறு. நூறு ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்பது கப்பல் விதி. சென்னைக் கூலி டிப்போவில் காத்திருந்த நாட்களில் ஜோடி சேர்ந்து பயணப்பட்டவர்கள் பலர். இவர்களும் அப்படிச் சேர்ந்தவர்களாக இருக்கலாம்.

அந்தப் பெண்ணின் தகப்பன் பெயரும் கிராமமும் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் நூறு வருஷம் ஒருவர் பெயராவது நிலைத்தது. அவள் வீட்டில் அதுவும் இருக்கிறதா தெரியாது. இனி நான் தேடப்போவது அந்தக் கிராமத்துப் பத்திரங்களை.