சிறுகனி அளவை

சுண்டைக்காய், மணத்தக்காளி, இலந்தை, நாவல் போன்ற சிறு காய்கனிகளின் கொள்ளளவைச் சமையலுக்காக எடையாக மாற்றும் கணக்கு. மதுரை மாவட்டத்துப் பேரையூர் போன்ற ஊர்களில் பழகிய அளவை படி. 8 ஆழாக்கு ஒரு படி. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தபின் சமையல் குறிப்புகள் கிராமுக்கு மாறின. படியின் பருமனோ ஊருக்கு ஊர் வேறு. ஆகவே வீட்டுப் படி எத்தனை மில்லிலிட்டர் தண்ணீர் கொள்கிறது என்று முதலில் பார்த்துவிடுவதே நல்லது.

உருண்டைக் காய்களைக் கொட்டினால் பாத்திரத்தில் ஏறத்தாழ 60 சதவீத இடத்தையே அவை அடைக்கும், மீதி காற்று. பச்சைக் காயின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியது. எனவே தலைதட்டிய ஒரு லிட்டர், தோராயமாக 600 கிராம். காய் சிறிதா பெரிதா என்பது, வியப்பாக, இதை அதிகம் மாற்றுவதில்லை. அமெரிக்க வேளாண் துறை அட்டவணையில் ஒரு கோப்பை புளூபெர்ரி 148 கிராம். உள்ளே குழிந்த ராஸ்பெர்ரி 123 கிராம்தான்.

குலுக்கி நிரப்பினால் எடை கூடும். காம்பை ஆய்ந்த பிறகே அளக்க வேண்டும். இலந்தை, நாவல் எடையில் கொட்டையும் சேரும். பாத்திரத்தை நோக்கக் காய் மிகப் பெரிதாகிவிடுவதால், பெருநெல்லிக்குச் சிறு பாத்திர அளவு நம்பத்தக்கதல்ல. சுண்டை வற்றலுக்கு இக்கணக்கு செல்லாது. அதைத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.