பீப்ஸ் காட்டிய கல்

என் பெரியப்பா கடைசி இரண்டு வருஷம் எந்தக் கல்யாணத்துக்கும் வரவில்லை. "கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை" என்பார். உண்மைக் காரணம் வேறு. கால் மணிக்கு ஒரு தரம் அவர் எழுந்து போக வேண்டியிருந்தது. அவர் காலமான பிறகுதான் பெரியம்மா இதைச் சொன்னாள். "வைத்தியரிடம் போங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். 'ஆம்பிளை இதையெல்லாம் வெளியில் சொல்லுவானா?' என்று என் வாயை அடைத்துவிட்டார்."

சென்ற மாதம் அதே உபாதை எனக்கும் வந்தது. டாக்டர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தபோது பக்கத்திலிருந்த பெரியவர், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். "தலைவலி" என்றேன்! சொன்ன மறுகணமே பீப்ஸின் ஞாபகம் வந்து, வெட்கமாகப் போய்விட்டது.

ஸாமுவேல் பீப்ஸ் லண்டனில் ஒரு தையற்காரரின் மகன். பிற்காலத்தில் கடற்படை நிர்வாகத்தில் பெரிய உத்தியோகஸ்தர். 1660 முதல் 1669 வரை அவர் எழுதிய டயரி உலகப் பிரசித்தம். இளமையிலேயே அவரைக் கல்லடைப்பு வாட்டியது. வலி பொறுக்க மாட்டாமல், 1658-ம் வருஷம் மார்ச் 26-ந் தேதி, தமது 25-வது வயதில், கத்திக்கு இணங்கினார். மயக்க மருந்தின் யுகம் பிறக்க இன்னும் 188 வருஷம் இருந்தது. அக்காலத்தில் நோயாளியைக் கட்டிப்போட்டு, ஆட்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, கால்களுக்கு நடுவே கீறிக் கல்லை எடுப்பார்கள். தாமஸ் ஹோலியர் என்ற ரணவைத்தியர் எடுத்த கல், டென்னிஸ் பந்து அளவு இருந்ததாம்.

பிழைத்த பீப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்த மார்ச் 26-ஐத் தமக்கு மறு பிறந்த நாளாகக் கருதி, கூடுமானபோதெல்லாம் விருந்து வைத்தார். கல்லுக்கு அழகான பெட்டி ஒன்று செய்வித்தார். 1669 ஜூனில், நண்பர் ஜான் ஈவ்லினின் சகோதரர் ரிச்சர்டு அதே நோயால் துடித்தபோது, கல்லை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டித் தைரியம் சொன்னார். ரிச்சர்டுக்கு மனம் துணியவில்லை. அடுத்த வருஷம் மார்ச் மாதம் இறந்து போனார்.

ரிச்சர்டைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கத்தியால் மாண்டவர்களும் அநேகர். பீப்ஸுக்கும் பூரண குணம் கிடைக்கவில்லை. 1703-ல் அவர் இறந்த பின் சோதித்தபோது இடது சிறுநீரகத்தில் 7 கற்கள் இருந்தன. அவருக்குக் குழந்தை இல்லாததற்கும் அந்தச் சிகிச்சையே காரணமாயிருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு.

ஆனால் இன்று நம்முடைய சாக்கு என்ன? 1980-ல் மியூனிச் நகரில், உடம்பைக் கீறாமலே சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைத்துக் காட்டிவிட்டார்கள். வயதானவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்து வரும் தொல்லைக்கோ, பல சமயம் மாத்திரையே போதும். வலியை விஞ்ஞானம் ஒருவாறு வென்றுவிட்டது. வெட்கத்துக்கு மட்டும் மாத்திரை இல்லை. அதற்கு மருந்து, ஏற்கெனவே பட்டவன் வாய் திறந்து சொல்லும் வார்த்தைதான். பீப்ஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனது அதைத்தான்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். பெரியவர் இன்னும் திண்ணையில் இருந்தார். அருகில் போய் உட்கார்ந்து, "தலைவலி இல்லை, ஸார்" என்று ஆரம்பித்து, உள்ளதைச் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எனக்கும் முழங்கால் வலி இல்லை" என்றார்.